குடும்பத்தோடு மர உச்சிக் கயிற்றுப் பாதைக்குப் போகுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் லண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளோடும் அண்ணன் பிள்ளைகளோடும் சில ஆண்டுகளாக இந்தப் பாதைகளில் ஏறி இறங்கியதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு: பாதை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எத்தனை ஜிப்லைன் (கம்பியில் தொங்கியபடி சறுக்கிச் செல்லும் பகுதி) இருக்கிறது என்பவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நம் பிள்ளை கம்பியோடு எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது, நம் கூட்டத்தில் மிகச் சிறியவருக்கு அந்தப் பாதை பொருந்துமா என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மர உச்சிக் கயிற்றுப் பாதை என்பது சரியாக என்ன?

உயர்ந்த மரங்களில் பரண்கள் கட்டி, ஒரு பரணிலிருந்து மற்றொரு பரணுக்குக் கயிற்றுப் பாலம், ஆடும் மரக்கட்டைகள், தொங்கும் வளையங்கள், வலை என்று விதவிதமான கடவைகளை அமைத்திருப்பார்கள். இடுப்பில் ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேல் ஓடும் எஃகுக் கம்பியில் நம்மை இணைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றும் ஜிப்லைனில் சறுக்கித் தரையில் வந்து இறங்குவதோடு முடியும். தினைப்புனத்தில் கிளி விரட்டுவதற்காகக் கட்டிய உயர்ந்த பரணை நம் சங்கப் பாடல்கள் இதணம் என்று சொல்கின்றன. மரத்தின்மேல் நின்று காட்டைப் பார்க்கும் அந்த மகிழ்ச்சியைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இவ்வகைப் பூங்காக்கள் 1990களில் பிரான்சில் பரவின. அங்கே அப்படியொரு பாதையைப் பார்த்து வந்த டிரிஸ்ட்ரம் மேஹியூ, ரெபெக்கா மேஹியூ தம்பதியினர் 2002இல் இங்கிலாந்தின் கிழக்கே தெட்ஃபோர்டு காட்டில் ‘கோ ஏப்’ என்ற பெயரில் தங்கள் முதல் பாதையைத் திறந்தார்கள். இன்று நாட்டின் பல பகுதிகளில் அந்த நிறுவனத்தின் கிளைகளும் வேறு நிறுவனங்களின் பூங்காக்களும் இருக்கின்றன.

பல பூங்காக்கள் இருக்கும்போது எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

இணைப்பு முறையைப் பாருங்கள். கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பே, “உங்கள் பாதையில் எந்த வகை இணைப்பு முறை இருக்கிறது?” என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நல்ல பூங்காவில் யார் தொலைபேசியை எடுத்தாலும் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

இணைப்பு முறைகளை மூன்று வகையாகப் புரிந்துகொள்ளலாம். முதல் வகையில், ஹார்னஸிலிருந்து வரும் இரண்டு வார்களின் முனையில் இரண்டு கராபினர்கள், அதாவது கொக்கி போன்ற இணைப்பிகள், இருக்கும். ஒவ்வொரு பரணிலும் ஒன்றைக் கழற்றி அடுத்த கம்பியில் மாட்டிய பிறகே மற்றொன்றைக் கழற்ற வேண்டும் என்பது விதி. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் தடுக்க எதுவும் இல்லை என்பதால், முழுப் பாதுகாப்பும் ஏறுபவரின் கவனத்தில்தான் தங்கியிருக்கிறது. தொடக்கத்தில் எல்லோருமே கவனமாகத்தான் இருப்பார்கள். ஒன்றரை மணி நேரம் கழிந்து கை சோர்ந்து, பசி எடுத்து, பின்னால் நிற்பவர் அவசரப்படுத்தும்போதுதான் கவனம் சிதறும்.

இரண்டாம் வகையில் இரண்டு இணைப்பிகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஒன்று கம்பியில் பூட்டிக்கொண்டால்தான் மற்றொன்று திறக்கும். ‘டக்’ என்ற அந்தச் சத்தம் கேட்காதவரை பிள்ளை எவ்வளவு இழுத்தாலும் அடுத்தது கழலாது. மூன்றாம் வகை, தொடர் இணைப்பு. ஏறும் இடத்தில் ஊழியர் ஒரு முறை மாட்டிவிட்டால், இறங்கும்வரை கம்பியிலிருந்து கழற்றவே முடியாது. பரணைச் சுற்றிலும் கம்பி தொடர்ந்து செல்வதால், நம்மைக் கம்பியோடு இணைக்கும் உருளி, அதாவது சிறு சக்கரம், அதன்மேல் அப்படியே நகர்ந்து போகும்.

பதினைந்து வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் வகை மட்டுமே போதுமானது என்பது என் உறுதியான கருத்து. முதல் வகைப் பாதைகளையும் தேர்ந்த ஊழியர்கள் நன்றாகவே நடத்துகிறார்கள் என்றாலும், பத்து வயதுப் பிள்ளையின் உயிரை அதன் கவனத்தை மட்டும் நம்பி விடுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. தொடர் இணைப்பில் ஒரு குறை உண்டு. முன்னே போகிறவரைத் தாண்டிச் செல்ல முடியாது என்பதால், ஒருவர் தயங்கி நின்றால் பின்னால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எந்த முறையானாலும், ஜிப்லைன் தொடங்கும் பரணில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே தனி உருளி ஒன்றைக் கம்பியில் வைக்க வேண்டியிருக்கலாம். பிள்ளை புறப்படுமுன் பெரியவர் ஒருவர் உருளியையும் பாதுகாப்பு வாரையும் தொட்டுப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்வது நல்லது.

உயரக் கட்டுப்பாட்டில் ஓரிரு சென்டிமீட்டர் குறைந்தால் விட்டுவிடுவார்களா?

விடமாட்டார்கள், விடவும் கூடாது. அது வயதைக் கணக்கிட்டு வைத்த எண் அல்ல. பிள்ளை கடவையில் நின்றபடி தலைக்கு மேலிருக்கும் கம்பியை எட்டித் தானே இணைப்பியை மாற்ற முடிய வேண்டும். எட்டாவிட்டால் நுனிக்காலில் நின்று, சமநிலை தவறி, நடுவில் மாட்டிக்கொள்ளும். இதனாலேயே சில பூங்காக்கள் உடல் உயரத்துக்குப் பதிலாக, கையை மேலே நீட்டினால் எவ்வளவு எட்டுகிறது என்று அளக்கின்றன.

எடுத்துக்காட்டாக, கோ ஏப் நிறுவனத்தின் பெரிய பாதையான ‘டிரீடாப் சேலஞ்ச்’ 1.4 மீட்டர் உயரமும் பத்து வயதும் நிரம்பியவர்களுக்கானது. எடை 130 கிலோவுக்குள் இருக்க வேண்டும். சிறியவர்களுக்கான ‘டிரீடாப் அட்வென்ச்சர்’ பாதைக்கு 1 மீட்டர் உயரம் போதும். விதிகள் மாறக்கூடும் என்பதால் பதிவு செய்யும் அன்றே மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இதை வலியோடு கற்றுக்கொண்டோம். மகளுக்கு அப்போது பத்து வயது முடிந்திருந்தது. வீட்டுச் சுவரில் பென்சிலால் போட்ட கோட்டை நம்பிப் போனோம். அங்கே பச்சை வண்ணம் பூசிய மரக் கம்பத்தில் குறுக்குச் சட்டம் ஒன்று இருந்தது. அதன் கீழே அவள் நிமிர்ந்து நின்றபோது, உச்சந்தலைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஊழியரின் இரண்டு விரல்கள் நுழைந்தன. குதிகாலை மெல்ல உயர்த்தினாள். ஊழியர் குனிந்து அவளுடைய காலணியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முடியாதென்று கனிவாகச் சொன்னார். அவளுடைய அண்ணன் ஏற, அவள் கீழேயே நின்றாள். பிழை ஊழியருடையதல்ல, வீட்டில் சரியாக அளக்காத என்னுடையது. குதிகால் சுவரில் படும்படி நிற்கவைத்து, தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தை மட்டமாக வைத்து அளவு நாடாவால் அளந்த பின்னரே பணம் கட்டுங்கள்.

ஐந்து வயதும் பன்னிரண்டு வயதும் சேர்ந்திருக்கும் குடும்பம் என்ன செய்வது?

பெரிய பிள்ளைக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சின்னதைச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சிறியவருக்கான தாழ்ந்த பாதையும் பெரியவருக்கான உயர்ந்த பாதையும் ஒரே வளாகத்தில் இருக்கும் பூங்காவைத் தேடுங்கள். சிறு பாதை ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலும் பெரிய பாதை இரண்டு முதல் மூன்று மணி நேரத்திலும் முடியும் என்பதால், நேரத்தைப் பதிவு செய்யும்போது இதையும் கணக்கிடுங்கள். மரங்களுக்கிடையே பெரிய வலைகளைக் கட்டி, ஹார்னஸ் இல்லாமல் அதற்குள் ஓடிக் குதிக்கவிடும் பூங்காக்களும் உண்டு. உயரத்துக்கு அஞ்சும் பிள்ளைக்கு அது நல்ல தொடக்கம். எல்லோருமே வலையில் ஒன்றாக விளையாடிய நாளைத்தான் என் பிள்ளைகள் இன்றும் பேசுகிறார்கள்.

பிள்ளைகளை ஏற்றிவிட்டுப் பெரியவர்கள் கீழே நிற்கலாமா? தாத்தா பாட்டியை அழைத்துப் போகலாமா?

பிரித்தானியாவின் பெரும்பாலான பாதைகளில் பயிற்றுநர் நம்மோடு மேலே வருவதில்லை. தரையிலும் தாழ்ந்த பயிற்சிக் கம்பியிலும் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு கீழே சுற்றி வந்து கண்காணிப்பார். மேலே பிள்ளைக்குப் பொறுப்பு நாம்தான். ஆகவே பெரிய பாதைகளில் பதினாறு வயதுக்குட்பட்டவர்களோடு பெரியவர் ஒருவரும் ஏற வேண்டும் என்றும், ஒருவர் இத்தனை பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொள்ளலாம் என்றும் விதி வைத்திருப்பார்கள். அந்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும். நான்கு பிள்ளைகளுக்கு அப்பா ஒருவர் போதும் என்று நினைத்துப் போய், வாசலில் நிற்க வேண்டிவரக் கூடாது. தாழ்ந்த பாதைகளில் மட்டும் பெரியவர் தரையிலிருந்தே பார்த்துக்கொள்ள அனுமதிக்கும் இடங்கள் உண்டு.

தாத்தா பாட்டி வரலாம். கீழே நடைபாதையில் கூடவே நடந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க முடிகிற இடமா, இருக்கையும் கழிப்பறையும் எவ்வளவு தொலைவு என்பதை மட்டும் முன்பே கேளுங்கள். காட்டுப் பாதையில் வேர்களும் சேறும் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நகரப் பூங்காக்களே ஏற்றவை.

ஹார்னஸ் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று நாமே எப்படித் தெரிந்துகொள்வது?

ஊழியர் சரிபார்ப்பார், ஆனாலும் நீங்களும் பாருங்கள். இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இருக்க வேண்டும். கீழ்நோக்கி இழுத்தால் எலும்பைத் தாண்டி வழுக்கி இறங்கக் கூடாது. தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழைய வேண்டும், ஆனால் உள்ளே அந்தக் கையை முஷ்டியாக மடக்கித் திருப்ப இடமிருக்கக் கூடாது. வார் எங்கும் முறுக்கியிருக்கக் கூடாது. தடித்த கோட்டு அணிந்து அதன்மேல் ஹார்னஸ் கட்டினால், வெயில் வந்து கோட்டைக் கழற்றியதும் எல்லாம் தளர்ந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் போக அவிழ்த்தால், மறுபடி கட்டியதும் ஊழியரிடம் காட்டாமல் ஏறக் கூடாது.

சிறு பிள்ளைகளுக்கு இடுப்பு இன்னும் அகன்றிராது. தலைகீழாகக் கவிழ்ந்தால் இடுப்புப் பட்டையிலிருந்து நழுவ வாய்ப்பிருப்பதால் தோள்பட்டையும் சேர்ந்த முழு உடல் ஹார்னஸ்தான் அவர்களுக்கு ஏற்றது. தொப்பை உள்ள பெரியவர்களுக்கும் இதே காரணம் பொருந்தும். பட்டை வயிற்றுக்குக் கீழே இறங்கிவிடுகிறது என்றால் கூச்சப்படாமல் முழு உடல் ஹார்னஸ் கேளுங்கள்.

தாலி, வளையல், நீண்ட கூந்தல், சுடிதார்: இவற்றுடன் ஏறலாமா?

நீண்ட கூந்தல்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஜிப்லைன் உருளி முகத்துக்கு அருகிலேயே ஓடுவதால் அவிழ்ந்த முடி அதில் சிக்கிக்கொள்ளும். இறுகப் பின்னி, பின்னலைச் சட்டைக்குள் விட்டு, அதன்மேல் தலைக்கவசம் அணியுங்கள். துப்பட்டாவும் மப்ளரும் கூடவே கூடாது. சுடிதாரின் தளர்ந்த மேற்சட்டை பட்டையில் மடிந்து சிக்கும். உடலோடு ஒட்டிய கால்சட்டையும் இடுப்பை மறைக்கும் நீளமான டி-ஷர்ட்டும் போதும்.

மோதிரம் கம்பியிலோ கொக்கியிலோ மாட்டினால் விரல் மிக மோசமாகக் காயப்படும். வீட்டிலேயே கழற்றி வையுங்கள். வளையல், தொங்கட்டான், கொலுசு ஆகியவற்றுக்கும் அதுவே. தாலியைக் கழற்ற விரும்பாதவர்கள் பலர் உண்டு. அதை மதித்துச் சொல்கிறேன்: கழுத்தை ஒட்டிய உள்சட்டைக்குள் விட்டு, மருத்துவ ஒட்டுநாடாவால் மார்போடு ஒட்டி, ஏறுமுன் ஊழியரிடம் தெரிவியுங்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், கனத்த கொடிக்குப் பதிலாக அன்று மட்டும் மஞ்சள் கயிறு அணிந்து போவதை வீட்டில் பேசி முடிவு செய்யலாம். காலணி முன்னும் பின்னும் மூடியதாக, அடிப்பாகம் வழுக்காததாக இருக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் ஏறலாமா?

நம் சமூகத்தில் இது வெறும் பேச்சுக்கான கேள்வி அல்ல. வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கிறது. கட்டுப்பாட்டில் இருந்தால், மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டு ஏறலாம். ஆனால் இரண்டு மூன்று மணி நேரம் கைகால் உழைப்பு இருக்கும் என்பதால், இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். குளுக்கோஸ் மாத்திரையைக் கீழே பையில் விட்டுவிடாமல், ஜிப் போட்ட சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் பம்ப் இடுப்புப் பட்டைக்கு அடியில் நசுங்காமலும், மேற்கையில் ஒட்டிய சென்சார் வலையில் உரசாமலும் இருக்கும்படி முன்பே இடம் மாற்றிக்கொள்ளுங்கள். ஊழியரிடமும் உடன் ஏறுபவரிடமும் சொல்லிவையுங்கள்.

கர்ப்பிணிகள் ஏறக் கூடாது. வலிப்பு, இதய நோய், அண்மையில் அறுவை சிகிச்சை ஆகியவை இருந்தால் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் முன்பதிவே செய்யாதீர்கள்.

மரமும் கம்பியும் உறுதியாக இருக்கின்றன என்று யார் சொல்வது?

இவ்வகைப் பாதைகளுக்கென்று ஈ.என். 15567 என்ற ஐரோப்பியத் தரநிலை இருக்கிறது. அதன் முதற்பகுதி கட்டுமானத்தையும் இரண்டாம் பகுதி நடத்தும் முறையையும் பற்றியது. அன்றாடம் திறக்குமுன் ஊழியர் கண்ணால் பார்ப்பது, சில மாதங்களுக்கு ஒருமுறை விரிவாகப் பார்ப்பது, ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்ற ஆய்வாளர் வந்து பார்ப்பது என்று மூன்று அடுக்குச் சோதனை உண்டு. கடைசி ஆண்டு ஆய்வு எப்போது நடந்தது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மரம் உயிருள்ளது என்பதால் அதற்குத் தனிக் கவனிப்பு வேண்டும். நல்ல பூங்காவில், கம்பி நேரடியாகப் பட்டையை அறுக்காதபடி தண்டைச் சுற்றி மரக்கட்டைகளை வைத்து அவற்றின்மேல் கம்பியைக் கட்டியிருப்பார்கள். தண்டு பருக்கப் பருக்கத் தளர்த்தியும் விடுவார்கள். அடுத்த முறை பரணில் நிற்கும்போது இதைக் கவனித்துப் பாருங்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் 2012இல் பிரித்தானியாவில் உறுதிசெய்யப்பட்டது முதல், மர வல்லுநரின் ஆய்வு இன்னும் முக்கியமாகிவிட்டது.

பொறுப்புத்துறப்புப் படிவத்தில் கையெழுத்திட்டால் நம் உரிமை போய்விடுமா?

போகாது. நிறுவனத்தின் கவனக்குறைவால் ஏற்படும் உயிரிழப்புக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பில்லை என்று நுகர்வோரிடம் எழுதி வாங்கினாலும் அது செல்லாது என்பதை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் படிவத்தில் உடல்நிலையைப் பற்றி உண்மையை மறைத்தாலோ, சொன்ன விதியை நாமே மீறினாலோ நிலைமை வேறு. படித்துப் பார்த்து, உண்மையை எழுதிக் கையெழுத்திடுங்கள்.

மழை பெய்தால்?

மழைக்காக மூடுவது அரிது. பலத்த காற்றுக்கும் இடிமின்னலுக்கும் மூடுவார்கள். அப்போது பணத்தைத் திருப்பித் தருவார்களா, வேறு நாள் தருவார்களா என்பதை முன்பதிவின்போதே படித்துவிடுங்கள்.

பிள்ளை நடுவழியில் பயந்து நின்றுவிட்டால் என்ன செய்வது?

திட்டாதீர்கள், “இதுக்கெல்லாம் பயமா?” என்று கேட்காதீர்கள், கீழேயிருந்து கைப்பேசியில் படமும் எடுக்காதீர்கள். “இடது காலை அந்தக் கட்டையில் வை, இப்போது வலது கையால் கயிற்றைப் பிடி” என்று ஓர் அடிக்கு ஓர் அடி சொல்லுங்கள். பெரியவர் இருவர் ஏறினால் ஒருவர் முன்னேயும் மற்றவர் பின்னேயும் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். பெரும்பாலான பிள்ளைகள் உறைந்து நிற்பது, பரணிலிருந்து வெற்றிடத்தில் காலெடுத்து வைத்து எதிரே உள்ள வலையில் போய் மோத வேண்டிய ஊஞ்சல் கயிற்றில். பல இடங்களில் அதற்கு எளிய மாற்றுவழி இருக்கும். எந்தக் கடவைகளுக்கு மாற்றுவழி உண்டு என்பதை ஏறுமுன்னே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் முடியவில்லை என்றால் தயங்காமல் ஊழியரை அழையுங்கள். மீட்டு இறக்குவது அவர்களுடைய அன்றாடப் பணி. பிடிமானம் இல்லாமல் ஹார்னஸில் நீண்ட நேரம் அசையாமல் தொங்குவது உடலுக்குக் கெடுதி என்பதால், “இன்னும் கொஞ்சம் முயன்று பார்” என்று காலம் கடத்தக் கூடாது.

லண்டனிலிருந்து எங்கே போவது எளிது?

கார் இல்லாதவர்களுக்கு பேட்டர்சீ பூங்கா, அலெக்சாண்ட்ரா பேலஸ், பிக்கடில்லி தடத்தின் கடைசி நிலையமான காக்ஃபாஸ்டர்ஸ் அருகிலுள்ள டிரென்ட் பூங்கா ஆகியவை வசதியானவை. கார் இருந்தால் ஸ்லவ் அருகே பிளாக் பார்க். தெட்ஃபோர்டு தொலைவுதான், ஆனால் ஊசியிலை மரங்களின் வாசனைக்கும் அமைதிக்கும் ஒரு முழு நாளை அதற்கு ஒதுக்கலாம். காட்டில் வாகனம் நிறுத்தக் கட்டணம் தனி. சாப்பாட்டுக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய், இறங்கிய பிறகு உண்ணுங்கள். ஏறுமுன் வயிறு நிறைய உண்டால் ஹார்னஸ் அழுத்தும்.

வீடு திரும்பியதும் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். காட்டுப் புல்லிலும் புதரிலும் இருக்கும் உண்ணிகள் சில லைம் நோயைப் பரப்பக்கூடியவை. அன்றிரவே பிள்ளைகளைக் குளிக்கவைத்து, முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு மடிப்பு, காதின் பின்புறம், தலைமுடியின் ஓரம் என்று பாருங்கள். கசகசா அளவில் கறுப்பாக ஒட்டியிருந்தால், நுண்ணிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுத்து எடுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் செம்மை வட்டமாகப் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். கருத்த தோலில் அந்தச் செம்மை எளிதில் தெரியாது என்பதால் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மே முதல் ஜூலை வரை லண்டன் பூங்காக்களின் ஓக் மரங்களில் வரிசையாக ஊரும் மயிர்ப்புழுக்களைப் பிள்ளைகள் தொட்டிருந்தால், அந்தத் துணிகளைத் தனியாகத் துவைத்து, அரிக்கும் இடத்தைத் தேய்க்காமல் நீரால் கழுவுங்கள்.